முதுகில் ஒட்டிய கனி: ஜப்பானியப் படக்கதை ஒன்றில் சமையலும் தன்னை ஏற்றலும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஜப்பானியப் படக்கதை பற்றி ஒரு கட்டுரையா என்று வியப்போரும் முகம் சுளிப்போரும் இருக்கலாம். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. ஆனால் நம் மாணவ மாணவியருள் பலர் இத்தகைய கதைகளைப் படித்தும் திரையில் பார்த்தும் வருகின்றனர். பிள்ளைகள் எதில் ஆழ்ந்திருக்கிறார்கள் என்று பாராமலேயே அதனை ஒதுக்கிவிடுவது ஆய்வு நெறியும் ஆகாது, பெரியோர் நெறியும் ஆகாது. எனவே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதில் நம் உள்ளத்தைத் தொட்ட ஒரே ஒரு கூற்றை மட்டும் இங்கு ஆராய முற்படுகிறோம்.

அக்கூற்று இதுதான். தன்னைத் தானே ஏற்றுக்கொள்ள முடியாத இளைஞன் ஒருவனுக்கு, ‘உன்னை நீயே விரும்பு’ என்று சொல்வதால் பயன் உண்டா? இல்லை என்கிறது இக்கதை. பிறகு எவ்வாறுதான் அது கைகூடும் என்ற வினாவுக்கு, அடுப்பங்கரையிலிருந்து விடை தேடுகிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் விடுதி அறைகளின் கதவுகள் சாத்திக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு இவ்வினா எங்கோ தொலைநாட்டு வினாவாகத் தோன்றாது.

கதையும் களமும்

நட்சுகி தகாயா என்னும் பெண் எழுத்தாளர் வரைந்து எழுதிய ‘புரூட்ஸ் பாஸ்கெட்’ என்பது அக்கதை. பெயருக்குப் பழக்கூடை என்பது பொருள். ‘மலரும் கனவும்’ எனப் பொருள்படும் ‘ஹனா தோ யூமே’ என்ற பெண்களுக்கான இதழில் 1998 முதல் 2006 வரை தொடராக வந்து, 23 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 2001இல் பெண்களுக்கான பிரிவில் கொதான்ஷா மங்கா விருதை வென்றது. அதே ஆண்டில் ஒருமுறையும், 2019 முதல் 2021 வரை மறுமுறையும் அசைவுப்படத் தொடராக வந்தது. முதல் தொடர் வந்தபோது மூலக்கதை முடிந்திருக்கவில்லை. இரண்டாவது தொடரே கதையை இறுதிவரை கொண்டு சென்றது. மங்கா எனப்படும் இப்படக்கதைகள் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுபவை. அரபுத்தமிழ் நூல்களைக் கண்டு பழகிய நம் மூத்தோருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. இளைஞருக்குத்தான் முதற்பக்கம் எதுவென்று தடுமாற்றம் உண்டாகும்.

கதையின் நாயகி தோரு ஹொண்டா, உயர்நிலைப் பள்ளி மாணவி. தந்தையைக் குழந்தைப் பருவத்திலும், தாய் கியோக்கோவைச் சாலை விபத்திலும் இழந்தவள். தாத்தா வீட்டில் கட்டட வேலை நடைபெறுவதால், பிறருக்குச் சுமையாகக் கூடாதென்று காட்டோரத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறாள். மாலையில் அலுவலகக் கட்டடமொன்றைத் துப்புரவு செய்து பொருளீட்டுகிறாள். தான் முடிக்காத பள்ளிப் படிப்பை மகள் முடிக்க வேண்டுமென்பது தாயின் விருப்பம். அதற்காகவே இத்தனை பாடும். கூடாரம் அடித்த நிலம் சோமா என்னும் பெருங்குடும்பத்துக்கு உரியது. மண்சரிவில் கூடாரம் புதைந்துபோக, அக்குடும்பத்து எழுத்தாளர் ஷிகுரேயின் வீட்டில் அவளுக்கு ஓர் அறை கிடைக்கிறது. ஆண்கள் மட்டுமே வாழும் அவ்வீட்டின் சமையலறை குப்பைமேடாய்க் கிடக்கிறது. அதனைச் சீர்செய்து, சமைத்து, வீட்டைப் பேணுவதே அவள் அறைக்குத் தரும் ஈடு.

சோமா குடும்பத்தில் ஒரு சாபம் உண்டு. சீன, ஜப்பானிய ஆண்டு வட்டத்துக்குரிய எலி, எருது, புலி, முயல் முதலான பன்னிரண்டு விலங்குகளின் ஆவி அக்குடும்பத்துப் பன்னிருவரைப் பற்றியிருக்கிறது. எதிர்ப்பாலார் தழுவினால் அவர்கள் அவ்விலங்குகளாக மாறிவிடுவர். பன்னிரண்டில் சேராத பதின்மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பூனை. எலியின் ஆவிக்குரிய யூகியும் பூனையின் ஆவிக்குரிய கியோவும் தோருவின் வயதினர். இருவரும் ஷிகுரேயின் வீட்டில்தான் வாழ்கின்றனர். ஒருவரையொருவர் கண்டால் ஆகாது.

இவ்வாறு ஆவியும் சாபமுமாக அமைந்த கதையை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை, கதையாசிரியரும் அதனைக் கோரவில்லை. மனிதர் தம்முள் மறைத்துத் திரியும் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்து காட்ட அவருக்கு அது ஓர் உத்தி. அவ்வளவே.

அழைக்கப்படாத விருந்து

சாபத்தின் மூலமாகச் சொல்லப்படும் பழங்கதை ஒரு விருந்தைப் பற்றியது என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். தெய்வம் விலங்குகளை விருந்துக்கு அழைத்தது. எலி பூனையிடம் விருந்து மறுநாள் என்று பொய் சொன்னது. பூனை உறங்கிப்போயிற்று. மற்றவை உண்டு களித்தன. ஆண்டு வட்டத்தில் பூனைக்கு இடமில்லாமற் போனதற்கு மக்கள் கூறும் காரணம் இது. சோமா குடும்பத்தில் இக்கதை வெறுங்கதையாக இல்லை. ஒவ்வொரு புத்தாண்டிலும் பன்னிருவரும் தலைமை இல்லத்தில் விருந்துக்குக் கூடுவர். பூனைக்கு அழைப்பில்லை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் கியோவைத் தனியறை ஒன்றில் அடைத்துவிடுவதென்பது குடும்பத்தின் முடிவு. முன்னைய பூனைகளுக்கும் அதுவே நேர்ந்தது.

பந்தியில் இடமில்லை என்பதைவிடக் கடுமையான விலக்கு மனித சமுதாயத்தில் வேறில்லை. தகாயா இதனை நன்கு உணர்ந்தே தம் கதையின் அடித்தளத்தில் ஒரு பந்தியை வைத்தார் எனலாம். உணவு தரப்படுவதும் மறுக்கப்படுவதும் ஏற்கப்படுவதுமாகவே உறவுகள் இக்கதையில் அளக்கப்படுகின்றன. கியோவை வளர்த்த ஆசான் கஸுமா தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வார். அவருடைய பாட்டனாரே முன்னைய பூனை. அம்முதியவர் அன்போடு நீட்டிய தின்பண்டத்தைச் சிறுவனாகிய கஸுமா அருவருத்து மறுத்துவிட்டார். பெற்றவரே விட்டுவிட்ட கியோவை அவர் எடுத்து வளர்த்ததன் முதற்காரணம் அக்குற்ற உணர்வே. பிறகுதான் அது தந்தையன்பாக முதிர்ந்தது. ஒரு வாய்த் தின்பண்டத்தை மறுத்தது எவ்வளவு காலம் நெஞ்சில் கிடந்து அரித்திருக்கிறது, பாருங்கள்.

தோரு சிறுமியாய் இருந்தபோது தாயிடமிருந்து இப்பழங்கதையைக் கேட்டாள். ஏமாந்த பூனைக்காக அழுதாள். தான் பிறந்தது நாய் ஆண்டில் என்றாலும், அதனை விட்டுவிட்டுப் பூனை ஆண்டினள் ஆகப்போவதாகச் சொன்னாள். அழைக்கப்படாதவன் பக்கம் அமர்ந்துகொள்ளும் இயல்பு அவளுக்கு அன்றே வாய்த்தது.

சோற்றுருண்டை

இனிக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். ஜப்பானியரின் அன்றாட உணவுகளுள் ஒன்று ஒனிகிரி என்னும் சோற்றுருண்டை. ‘பற்றிப் பிடித்தல்’ என்னும் பொருளுடைய ‘நிகிரு’ என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒட்டும் தன்மையுள்ள குட்டை அரிசிச் சோற்றைச் சூடு ஆறுமுன், நீரும் உப்பும் தொட்ட கைகளால் அழுத்தி, பெரும்பாலும் முக்கோண வடிவில் பிடிப்பர். மிகவும் அழுத்தினால் கல்லாகும், அழுத்தாவிட்டால் உதிரும். வெளியே நோரி எனப்படும் உலர்ந்த கடற்பாசித் தாளைச் சுற்றுவது உண்டு. இஷிகாவா மாகாணத்தில் 1987இல் நடந்த அகழ்வில், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படும் கருகிய அரிசிக் கட்டி ஒன்று கிடைத்தது. கையால் சோற்றைப் பிடித்து வைக்கும் வழக்கம் அவ்வளவு தொன்மையானது. வயலுக்குச் செல்வோரும் வழிப்பயணம் போவோரும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் கையோடு கொண்டு செல்வது இதுவே. நம் கட்டுச்சோற்றை நினைத்துக்கொள்ளலாம்.

உருண்டையின் உள்ளே வைக்கப்படும் பொருள்களுள் மிகப் பழையது உமெபோஷி. உமெ என்பது ஆங்கிலத்தில் பிளம் எனப்பட்டாலும் வாதுமையினப் பழமாகிய ஆப்ரிகாட்டுக்கே நெருங்கிய உறவுடைய புளிப்புக் கனி. அதனை உப்பிலிட்டு ஊறவைப்பர். சில நாள்களில் கனியின் சாறே மேலெழுந்து அதனை மூடும். சிவப்பு ஷிசோ இலைகளைச் சேர்த்து நிறமேற்றுவர். கார்மழை ஓய்ந்த ஜூலைக் கடைசியில் மூன்று நாள் வெயிலில் உலர்த்துவர். நம் உப்பு நார்த்தங்காய்க்கு ஒருவகையில் உறவு என்று சொல்லலாம். சுருங்கிச் சிவந்த அக்கனியை வாயிலிட்டால் கண்கள் தாமே மூடிக்கொள்ளும், அவ்வளவு புளிப்பும் உப்பும். வெறுஞ்சோற்றை உணவாக்குவது அந்த ஒரு கனியே. சோறு எளிதில் கெடாமல் காப்பதும் அதுவே என்று மக்கள் கருதுகின்றனர். இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்கனியின் சுவை தெரியாவிட்டால் கதையின் உவமை பாதிதான் விளங்கும்.

கதையின் பெயராகிய பழக்கூடை ஒரு பிள்ளை விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக அமர்வர். ஒவ்வொருவருக்கும் ஒரு பழத்தின் பெயர் இடப்படும். தன் பழத்தின் பெயர் அழைக்கப்பட்டால் எழுந்து வேறிடம் மாற வேண்டும். தொடக்கப் பள்ளியில் இவ்விளையாட்டு நடந்தபோது தோருவுக்கு ஒருவன் இட்ட பெயர் ஒனிகிரி. ஏளனம் என்று அவளுக்கு விளங்கவில்லை. மகிழ்ந்து போய் அமர்ந்திருந்தாள். ஆப்பிள் அழைக்கப்பட்டது, வாழை அழைக்கப்பட்டது, மற்றவர் எல்லாரும் ஓடி ஆடினர். பழங்களின் கூடையில் சோற்றுருண்டையை யார் அழைப்பர்? அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

தாத்தா வீட்டு வேலை முடிந்து தோரு அங்குத் திரும்ப நேரும்போது இந்நினைவு அவளுக்கு எழுகிறது. சோமா வீடு பழக்கூடை, தான் அதில் தவறி விழுந்த சோற்றுருண்டை என்று எண்ணிக்கொள்கிறாள். அப்போது யூகியும் கியோவும் அவளைத் தேடிவந்து தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். நினைவிலிருந்த சிறுமியின் காதில் அவள் பெயர் விழுகிறது. ஒனிகிரியை ஒனிகிரியாகவே அழைக்கிறார்கள், பழமாக மாறச் சொல்லவில்லை. நம் நோக்கில் இதுவே அக்காட்சியின் உயிர்.

இதனை ஒட்டியே கதையின் புகழ்பெற்ற உவமை வருகிறது. கியோ யூகியைப் பார்த்துப் புழுங்குபவன். யூகி அழகன், கல்வியில் சிறந்தவன், பன்னிருவருள் ஒருவன். தனக்கு என்ன இருக்கிறது என்பது கியோவின் ஏக்கம். அவனிடம் தோரு ஒரு கற்பனையைச் சொல்கிறாள். மனிதரின் சிறப்பு என்பது சோற்றுருண்டையின் உமெபோஷியைப் போன்றதென்றால், அந்தக் கனி ஒருவேளை உருண்டையின் முதுகில் ஒட்டியிருக்கலாம். வடிவும் நிறமும் வேறுபட்ட எத்தனையோ உருண்டைகள் உலகில் உள்ளன. எல்லார் முதுகிலும் ஒரு கனி உண்டு. ஆனால் முதுகு தனக்குத் தெரியாது. அடுத்தவன் முதுகில் இருப்பதுதான் கண்ணில் படும். அதனால் தான் மட்டும் வெறுஞ்சோறு என்று ஒவ்வோர் உருண்டையும் எண்ணி மாய்கிறது. இவ்வாறு சொல்லிவிட்டு, கியோவின் முதுகிலும் அருமையான கனி ஒன்று தனக்குத் தெரிகிறது என்கிறாள்.

எளிய உவமைதான். எனினும் இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. வழக்கமான ஒனிகிரியில் கனி உள்ளே இருக்கும். ‘உனக்குள்ளே ஒளி இருக்கிறது, உள்ளே நோக்கு’ என்று சொல்லியிருந்தால் உவமை இயல்பாகப் பொருந்தியிருக்கும், நாமும் நூறு முறை கேட்ட அறிவுரையாக அது முடிந்திருக்கும். தகாயா கனியை எடுத்து முதுகில் ஒட்டினார். எவ்வளவு முயன்றாலும் தான் காண இயலாத இடம் அது. அங்கே பிறர் கண் வேண்டும். இரண்டாவது, பொறாமையை இவ்வுவமை கடிந்துரைக்கவில்லை. அடுத்தவன் முதுகில் கனி இருப்பது மெய்யே. பொறாமைப்படுவோன் பொய்யைக் காணவில்லை, பாதி மெய்யைக் காண்கிறான். கதையில் இதற்கு அழகிய சான்று உண்டு. கியோ யாரைக் கண்டு புழுங்குகிறானோ அந்த யூகி, தன்னைச் சூழ்ந்து புகழ்வோர் எவரும் நெருங்கி வராததை எண்ணி வாடுகிறான். முரடனாயினும் வகுப்புத் தோழரோடு எளிதில் கலந்துவிடும் கியோவைக் கண்டு அவன் ஏங்குகிறான். ஒருவன் முதுகை மற்றவன் பார்த்தபடி இருவரும் பகைத்திருக்கின்றனர்! மூன்றாவது நுட்பம் கனியின் சுவை. அது தேன் அன்று. உப்பில் ஊறி வெயிலில் சுருங்கிய புளிப்பு. மனிதனின் சிறப்பு என்பது இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கியோவின் படபடப்பும் நயமற்ற பேச்சும் அந்தப் புளிப்பைச் சேர்ந்தவையே என்று கொள்வதில் தவறில்லை. இம்மூன்றாவதைத் தகாயா வெளிப்படச் சொல்லவில்லை. கனியைப் பற்றி அறிந்தபின் நமக்குத் தோன்றியது.

‘உன்னை நீ விரும்பு’

உவமையில் குறிப்பாகச் சொன்னதைக் கதை பின்னர் வெளிப்படையாகவே வாதிடுகிறது. புலியின் ஆவிக்குரிய கிஸா என்னும் சிறுமி, பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஏளனம் செய்து ஒதுக்கியதால் பேச்சையே நிறுத்திவிடுகிறாள். அவளுக்கு வகுப்பாசிரியரிடமிருந்து ஒரு மடல் வருகிறது. முதலில் உன்னை நீ விரும்பக் கற்றுக்கொள் என்பது அதன் சாரம். மடல் நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டதே. ஆனால் யூகி அதனை ஏற்கவில்லை. தன்னிடம் விரும்பத்தக்க எதனையும் காண முடியாததால்தானே ஒருவர் தம்மை வெறுக்கிறார், அவரிடம் தேடிக் கண்டுபிடி என்றால் எங்கே தேடுவார் என்பது அவன் கேள்வி. வேறொருவர் நம்மை விரும்புவதாகச் சொல்லும்போதுதான் நம்மை நாமே விரும்பத் தொடங்குகிறோம், ஒருவர் ஏற்கும்போதுதான் நம்மை நாமே சற்று மன்னிக்கவும் ஏற்கவும் இயலுகிறது என்று அவன் கருதுகிறான். அவனே சிறுவயதில் பேச்சிழந்து கிடந்தவன். ஆகையால் இஃது அவன் படித்தறிந்தது அன்று.

ஆசிரியப் பணியிலிருப்போருக்கு இப்பகுதி சற்று உறுத்தும். உறுத்தவே வேண்டும். தாழ்வு மனப்பான்மையை விடு, தன்னம்பிக்கை கொள் என்று மேடையில் முழங்குவது நமக்கு எளிது. நோயாளியிடமே மருந்தைத் தயாரிக்கச் சொல்வது போன்றது அது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முதுகில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எழுந்து சென்று பார்த்துச் சொல்வது கடினம். பெயர் தெரிந்திருக்க வேண்டும், நாள்தோறும் பார்த்திருக்க வேண்டும்.

நாள்தோறும் என்னும் இச்சொல்லில்தான் சமையல் வந்து சேர்கிறது. ஒருநாள் புகழுரை யாரையும் மாற்றுவதில்லை. ஆனால் காலையும் மாலையும் ஒருவருக்கு என்ன பிடிக்கும், எது ஆகாது, இன்று ஏன் குறைவாக உண்டார் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர், சொல்லாமலேயே ஒன்றைச் சொல்கிறார். யூகிக்குச் சமைக்கவே வராது. வீட்டின் பின்னே காட்டுக்குள் ஒரு சிறு காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறான். அதனைத் தன் இரகசிய இடம் என்பான். அதில் விளைந்ததைத் தோரு வாங்கி உலையிலிடுகிறாள். ஊரார் வியக்கும் அவன் அழகைப் பற்றி அவள் பேசவில்லை, அவன் மண்ணில் விளைவித்ததைச் சமைத்துப் பரிமாறினாள். கியோவுக்கோ வெங்காயத் தண்டு இனத்துக் கீரைகள் அறவே ஆகா. ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘லீக்’ என்று வரும். யூகி விளைவித்தது அதுவே! இருவரும் இதற்காக மோதிக்கொள்ளும் நகைச்சுவைக் காட்சிகள் பல. பிடிக்காது என்று வாய்விட்டுச் சொல்லவும், சொன்னபின்னும் அதே மேசையில் இடம் இருக்கவும் வாய்த்த முதல் வீடு அவனுக்கு அது என்பதை நகைப்பினிடையே நாம் மறந்துவிடலாகாது.

கியோவின் மணிக்கட்டில் ஒரு மணிமாலை எப்போதும் இருக்கும். அதனைக் கழற்றினால் பூனையினும் கொடிய, நாற்றம் வீசும் உருவொன்று வெளிப்படும். அவன் தாய் அன்பு அன்பென்று சொல்லிக்கொண்டே, மாலை கழன்றுவிட்டதா என்று நாளெல்லாம் பார்த்தவள், அவனை வெளியே விட அஞ்சியவள். மழை பெய்யும் ஓர் இரவில் ஆசான் கஸுமா அம்மாலையைக் கழற்றிவிட, தோரு அவ்வுருவைக் காண்கிறாள். அவள் அஞ்சவில்லை என்று கதை சொல்லவில்லை. அஞ்சுகிறாள், உடல் நடுங்குகிறது. அச்சத்தை ஒப்புக்கொண்டே, தொடர்ந்து உடன் வாழவும் உடன் உண்ணவும் விரும்புவதாகச் சொல்லி அவனைப் பற்றிக்கொள்கிறாள். தாய் மறைத்த அச்சம் அவனைச் சிதைத்தது, தோரு மறைக்காத அச்சம் அவனை மீட்டது. ஏற்பு என்பது அருவருப்பே இல்லாத நிலை என்று கருதுவோர் இக்காட்சியை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

இங்கு வாசகர் ஒருவர், குறிப்பாக மாணவியர், எழுப்பக்கூடிய மறுப்பொன்று உண்டு. ஆண்களின் மனக்காயம் ஆற ஒரு பெண் விடியலில் எழுந்து சமைக்க வேண்டுமா? பள்ளி, சமையல், இரவு வேலை என்று அவள் தேய, மற்றவர் தம்மை ஏற்றுக்கொள்ளக் கற்பதா? இம்மறுப்பு நியாயமானது. இதனைப் புறந்தள்ளிவிட்டு இக்கதையைப் புகழ்வது நேர்மையாகாது.

தகாயாவும் இதனை அறியாதவர் அல்லர். கதை வளர வளர, தோருவின் இன்முகமே ஐயத்துக்கு உரியதாகிறது. யூகி பின்னாளில் தன் நண்பனிடம், தான் தோருவிடம் தேடியது ஒரு தாயை என்று நாணத்தோடு ஒப்புக்கொள்கிறான். அவ்வாறு ஒப்புக்கொண்டபின்தான் அவள் பரிமாறும் தட்டிலிருந்து விலகித் தன் வழியில் நடக்கத் தொடங்குகிறான். தோருவின் பேச்சும் மொழி பயில்வோரின் கவனத்துக்கு உரியது. ஜப்பானிய மொழியில் மதிப்பு நிலைகள் பல. வினைமுற்றே அதற்கேற்ப மாறும். தோரு தன் வயதொத்தவரிடமும் தோழியரிடமும் கூட மிகு பணிவான நடையிலேயே பேசுகிறாள். நாம் வகுப்புத் தோழனை ‘வாருங்கள், அமருங்கள்’ என்று ஓயாமல் அழைப்பது போன்றது அது. முதலில் இதனை நல்ல வளர்ப்பு என்றே வாசகர் கொள்வர். உண்மை பிறிது. அவள் தந்தை அவ்வாறு பேசுபவர். அவர் இறந்தபின் தாய் துயரில் மூழ்கி மகளையே மறந்து, உயிரை விடவும் எண்ணிய நாள்கள் உண்டு. தந்தையைப் போலப் பேசினால் தாய் தன்னை விட்டுப் போகமாட்டாள் என்று அச்சிறு குழந்தை அந்நடையை எடுத்துக்கொண்டது, பிறகு கழற்றவே இல்லை.

ஆகவே மற்றவர் முதுகிலெல்லாம் கனியைக் கண்டு சொல்லும் தோரு, தன் பேச்சைக்கூடத் தனதாக வைத்துக்கொள்ளாதவள். கைவிடப்படுவோமோ என்னும் அச்சமும் அவள் சமையலில் ஓர் உப்பாய்க் கரைந்திருக்கிறது. அவளுக்கு யார் சொல்வது? தாத்தா வீட்டிலிருந்து அழைத்து வரும்போதே கியோ அவளிடம், சில வேளைகளில் முறையிடலாம், தனக்கென்று ஒன்றைக் கேட்கலாம் என்று சொல்கிறான். சொல் அவளிடம் எடுபடுவதற்குக் காலமாகிறது. அதற்கு முன்னே ஒரு கஞ்சி வருகிறது.

தேர்வு ஒன்றில் தோரு தவறிவிடுகிறாள். தாய்க்களித்த வாக்கு என்னாகுமோ என்ற கவலையில் காய்ச்சல் கண்டு படுத்துவிடுகிறாள். அவள் படுத்தால் அவ்வீட்டில் அடுப்பு எரியாது. யூகியால் ஒன்றும் இயலாது. கியோ சமையலறைக்குச் செல்கிறான். அவனுக்குச் சமையல் தெரியும் என்பதே அப்போதுதான் நமக்கு வெளிப்படுகிறது. அவன் காய்ச்சியது அரிசிக் கஞ்சி. உடலுக்கு நல்லதென்று தான் வாயில் வைக்கவும் சகியாத அதே இனத்துக் கீரையை அரிந்து அதில் இட்டிருக்கிறான். வாசனையைச் சகித்துக்கொண்டு அடுப்பருகே நின்றிருக்க வேண்டும். கிண்ணத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதும் நயமான சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை.

அவள் நெகிழ்ந்து போகிறாள். எல்லாருக்கும் நாள்தோறும் பரிமாறியவள் அன்று படுக்கையில் அமர்ந்து, தனக்கென்று காய்ச்சப்பட்ட ஒன்றை உண்கிறாள். பிறகு அவ்விருவருமே பாடம் சொல்லித்தந்து அவளை மறுதேர்வுக்கு அனுப்புகின்றனர். அதில் அவள் தேர்ச்சி பெறுகிறாள்.